கொடியும் தராசும்

 

 

ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் நம் கடைத்தெரு முழுவதும் கொடிமயமாகி விடுகிறது. 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் தேதி இந்நாடு சுதந்திரம் பெற்றது. அந்த நாளை நாம் கொண்டாடத்தான் வேண்டும். கொடி கட்டுவது நல்ல காரியம். ஆனால் கொடியைக் கட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கிக் கல்லாவில் வந்து உட்கார்ந்த பிறகு, தேசபக்தி என்பது நமக்கு என்ன? பட்டாளத்துக்காரனுக்குத் துப்பாக்கி இருக்கிறது. மந்திரிக்கு மேடை இருக்கிறது. மளிகைக்கடைக்காரனுக்கு என்ன இருக்கிறது? நான் ஆலிம் அல்ல. மத்ரஸாவில் உஸ்தாது ஓதிக்கொடுத்ததையும், கடையில் நின்று கண்டதையும் வைத்துக்கொண்டு இதைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

தேசத்தை நேசிப்பது ஈமானில் உள்ளது என்றொரு வாசகத்தை நம் கூட்டங்களில் பலரும் ஹதீது என்று எடுத்துச் சொல்லுவார்கள். ஹதீதுக் கலை வல்ல உலமாக்களோ, அது நாயகமவர்களின் சொல் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று கூறியிருக்கிறார்கள். நாயகமவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரால் சொல்ல நமக்கு அனுமதி இல்லை. அதனால் நமக்கு நஷ்டமும் இல்லை. ஏனெனில், உறுதியான ஆதாரத்தோடு வந்துள்ள செய்திகள் அந்த வாசகத்தைவிடக் கனமானவை.

ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் மக்காவின் கடைத்தெருவான ஹஸ்வராவில் நின்று, அந்நகரைப் பார்த்துப் பேசிய செய்தியைத் திர்மிதியில் காண்கிறோம். அல்லாஹ்வின் பூமியில் நீயே சிறந்தவள். உன்னிடமிருந்து நான் வெளியேற்றப்பட்டிராவிட்டால் வெளியேறியிருக்கவே மாட்டேன் என்ற கருத்தில் அவர்கள் சொன்னார்கள். துன்புறுத்திய ஊர், பட்டினி போட்ட ஊர், கொல்லத் திட்டம் தீட்டிய ஊர். அந்த ஊரை நினைத்துத்தான் அவர்கள் மனம் அப்படி உருகியது. பிறந்த மண்ணின் பாசம் நபித்துவத்துக்குக் குறைவல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

சரி, பிறந்த மண்ணைப் பிரிந்து வந்தவன் வந்த மண்ணை எப்படி நேசிப்பது? நம்மவர்களின் கேள்வி அதுதான். அதற்கும் பதில் இருக்கிறது.

ஹிஜ்ரத்துச் செய்து மதீனா வந்த புதிதில் அங்குள்ள காய்ச்சல் முஹாஜிர்களைப் பிடித்துக்கொண்டது. அபூபக்கர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் படுத்துவிட்டார்கள். காய்ச்சல் சற்றுத் தணியும்போதெல்லாம் பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் பள்ளத்தாக்கையும், அதன் புல்லையும், சுனையையும், மலைகளையும் நினைத்து ஏங்கிப் பாடுவார்களாம். பார்க்கச் சென்ற அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இதை நாயகமவர்களிடம் வந்து சொன்னார்கள். நாயகமவர்கள் பிலாலைக் கடிந்துகொள்ளவில்லை. மக்காவை மறந்துவிடு என்றும் சொல்லவில்லை. துஆச் செய்தார்கள். இறைவா, மக்காவைப் போல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவையும் எங்களுக்குப் பிரியமானதாக ஆக்குவாயாக. இவ்வூரை ஆரோக்கியமுள்ளதாக ஆக்குவாயாக. இதன் ஸாவிலும் முத்திலும் எங்களுக்கு பரக்கத் செய்வாயாக என்பது அந்தத் துஆவின் கருத்து.

சகோதரர்களே, ஸாவும் முத்தும் என்னவென்று தெரியுமா? அந்நாளில் தானியம் அளந்த படிகள். நான்கு முத்து சேர்ந்தால் ஒரு ஸாவு. ஒரு புதிய ஊரின் மீது பிரியத்தைக் கேட்ட அதே துஆவில், அவ்வூர்க் கடைத்தெருவின் அளவுப்படிக்கும் பரக்கத் கேட்கிறார்கள் நம் நாயகம்! ஊர்ப்பிரியமும் அளவுப்படியும் ஒரே மூச்சில் வருகின்றன. மளிகைக்கடைக்காரனின் தேசபக்தி எங்கே இருக்கிறது என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். நாயகமவர்கள் மதீனா வந்தபோது அவ்வூரார் அளவையில் மிகவும் மோசமாக இருந்தார்கள். அளவையில் மோசம் செய்வோருக்குக் கேடுதான் என்று தொடங்கும் முதஃப்பிஃபீன் சூரா இறங்கிய பின்பு திருந்திவிட்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களைத்தான் அந்தச் சூரா கண்டிக்கிறது. ஊர் சீர்ப்பட்ட கதையில் தராசுக்கும் படிக்கும் எவ்வளவு பெரிய இடம் பாருங்கள்!

அந்தக் கடைத்தெருவுக்குத்தான் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வெறுங்கையோடு வந்து சேர்ந்தார்கள். மதீனாவாசியான ஸஅது (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னபோது, அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வானாக, எனக்குக் கடைத்தெருவை மட்டும் காட்டுங்கள் என்றார்கள். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றுத் தொடங்கி, அந்நகரின் பெருந்தனவந்தர்களில் ஒருவரானார்கள். ஊர் அவருக்கு இடம் கொடுத்தது. அவரும் ஊருக்கு அள்ளிக் கொடுத்தார்.

நம் முன்னோரும் இப்படித்தான் வந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஒரு பெட்டியும் ஒரு பாயுமாக இறங்கி, கடைத்தெரு எங்கே என்று கேட்டவர்கள்தாம். பிலால் (ரலி) அவர்களின் ஏக்கம் அவர்களுக்கும் இருந்தது. உடல் இங்கே, உள்ளம் அங்கே என்று வாழ்ந்தவர்கள் பலர். குடியுரிமைக்கு மனுச் செய்யும் வாய்ப்பு வந்தபோது, அடுத்த வருஷம் ஊருக்குப் போய்விடுவோம், எதற்கு என்று விட்டவர்களும் இருந்தார்கள். 1969-க்குப் பின், குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வரவே, ஆயிரக்கணக்கான தமிழர்கள் உழைத்த மண்ணை விட்டுக் கப்பலேறினார்கள். ஒரு நாட்டின் பிரஜை என்ற அந்தஸ்து எவ்வளவு பெரிய நிஃமத் என்பதை, அது கிடைக்காமல் போனவர்களின் கண்ணீரைக் கொண்டு அறியலாம்.

இனி நாம் வாழும் சுங்கை பூலோவைப் பார்ப்போம். இங்கே 1930-ஆம் ஆண்டு தொழுநோயாளருக்கென்று ஒரு குடியிருப்பு திறக்கப்பட்டது. நோய் கண்டவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து வைப்பது அக்காலச் சட்டம். அங்கே பிறந்த குழந்தைகளையும் தாயிடமிருந்து பிரித்தார்கள். நாம் வியாபாரிகள், நமக்கு நன்றாகப் புரியும் ஒரு விஷயம் சொல்கிறேன். 1930-களில் அந்தக் குடியிருப்புக்கென்று தனி நோட்டு அச்சடித்தார்கள். அவர்கள் கைபட்ட காசு வெளியே வந்தால் நோய் பரவும் என்று பயம்! ஒரு மனிதனின் காசு செல்லாது என்றால் அவன் இந்த நாட்டவனே அல்ல என்று சொன்னது போலத்தானே?

அப்படி ஒதுக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? மண்ணைக் கொத்திச் செடி வைத்தார்கள். அவர்கள் தொடங்கிய பூச்செடித் தோட்டங்களே இன்று கோலாலம்பூர் வட்டாரத்து வீடுகளுக்கெல்லாம் செடி கொடுக்கும் நர்சரிகளாக வளர்ந்திருக்கின்றன. மருந்தாராய்ச்சிக்கும் அவர்கள் தம் உடலைக் கொடுத்தார்கள். தொழுநோய்க் கிருமி அக்காலத்து முக்கிய மருந்துக்குக் கட்டுப்படாமல் போகக்கூடும் என்பது 1964-இல் நிரூபிக்கப்பட்டது இங்குள்ள நோயாளிகளைக் கொண்டுதான். கதவடைத்த நாட்டுக்குப் பூவைக் கொடுத்தவர்கள் அவர்கள். தேசபக்திக்குப் பாடம் தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும், இதே சுங்கை பூலோவின் மருத்துவமனைதான் கொரோனா நோயாளிகளுக்கு முதன்மையான இடமாயிற்று. கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் போகாதீர்கள், உள்ளே இருப்பவர்கள் ஓடி வராதீர்கள் என்ற நபிமொழி நம் கண்முன் நடைமுறையாயிற்று. பள்ளிவாசல்களில் ஜும்ஆவும் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடி இயக்கம் பிறந்தது. வீட்டில் அரிசி இல்லாதவர்கள் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் போதும். அக்கம்பக்கத்தார் உணவுப்பொருள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று யாரும் பார்க்கவில்லை. அந்த நாட்களில் இந்த நாட்டின் மானத்தைக் காத்தது, சாயமில்லாத அந்தத் துணியைக் கண்டு கதவைத் தட்டியவர்கள்தாம்.

இப்போது என் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். மற்றவருக்கு உபதேசம் செய்பவன் தன் தராசை முதலில் காட்ட வேண்டுமல்லவா?

சில ஆண்டுகளுக்கு முன் சமையல் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரு கிலோப் பாக்கெட்டு எண்ணெயை 2 ரிங்கிட் 50 சென்னுக்கு விற்கும்படி அரசாங்கம் பணம் கொடுத்து விலையைத் தாங்கி நிற்கிறது. அது வீட்டு அடுப்புக்கு உரியது. சாப்பாட்டுக் கடைகளின் சட்டிக்கு உரியதல்ல. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் பெட்டிக்குச் சில ரிங்கிட் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று ஓர் உணவகத்துக்குக் கொடுக்க இரண்டு பெட்டிகளைக் கல்லாவுக்கு அடியில் ஒதுக்கி வைத்தேன். அதுவும் ஆகஸ்டு மாதம். கடை முகப்பில் அந்த வரிசையிலேயே பெரிய கொடி என் கொடிதான். மாலையில் ஓர் அம்மா கைப்பிள்ளையோடு வந்து, “பாய், எண்ணெய் ஒரு பாக்கெட் இருக்குமா?” என்றார்கள். “முடிஞ்சு போச்சும்மா” என்றேன். அப்படிச் சொல்லும்போது என் கால் அந்தப் பெட்டியின் மேல் இருந்தது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நாலைந்து கடை ஏறி இறங்கி வந்தவர்கள் போலும். பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று இஷாவில் இமாம் முதஃப்பிஃபீன் சூராவை ஓதினார். எனக்காகவே ஓதியது போலிருந்தது. மறுநாள் அந்தப் பெட்டிகளை வெளியே எடுத்து வைத்து, ஆளுக்கு இரண்டு பாக்கெட் என்று விற்றேன். அந்த அம்மா மட்டும் திரும்பி வரவில்லை. வாசலில் பிள்ளையோடு யார் வந்து நின்றாலும் இன்றும் முகத்தைப் பார்க்கிறேன். அல்லாஹ்விடம் தௌபாச் செய்துவிட்டேன். அவர்களிடம் மன்னிப்புக் கேட்க இன்னும் வழி கிடைக்கவில்லை. மறுமையில் அந்த ஒரு பாக்கெட் எண்ணெய்க்கு என்ன விலை கேட்கப்படுமோ!

சகோதரர்களே! நனைந்த தானியத்தை அடியில் மறைத்துக் காய்ந்ததை மேலே பரப்பியிருந்த வியாபாரியின் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நாயகமவர்கள், ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவன் அல்ல என்ற கருத்தில் கண்டித்தார்கள். பண்டத்தைப் பதுக்குபவன் பாவி என்றும் அறிவித்திருக்கிறார்கள். நம் கொடியும் மேலே பரப்பிய காய்ந்த தானியமாக ஆகிவிடக் கூடாது.

தன் கூட்டத்தார் செய்யும் அநியாயத்துக்குத் துணை போவதும் மார்க்கம் கண்டித்த இனவெறியாகும்; அதற்குத் தேசபக்தி என்று பெயர் சூட்ட முடியாது. நம்மவன் என்பதற்காக நம்மவனின் கள்ளத் தராசை மூடி மறைப்பதும் அதில் சேரும்.

ஆகவே இந்த மெர்டேக்கா மாதத்தில் நாம் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. கொடி கட்டும் அன்றே தராசையும் சரிபாருங்கள். விலைச்சீட்டைக் கண்ணில் படும்படி வையுங்கள். அரசாங்கம் விலையைத் தாங்கும் பண்டத்தை அதற்குரியவருக்கே விற்றுவிடுங்கள். கட்ட வேண்டிய வரியை ஒளிக்காதீர்கள். அந்தப் பணத்தில்தான் சுங்கை பூலோ ஆஸ்பத்திரியில் ஏழையின் கட்டில் நிற்கிறது. தமிழகத்திலிருந்தோ வங்காள தேசத்திலிருந்தோ வந்து உங்கள் கடையில் நிற்கும் பையனுக்கு வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள். அவனும் நம் வாப்பாமார் வந்த வழியில் வந்தவன்தான். பக்கத்து வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேளுங்கள். வெள்ளைக்கொடி ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.

யா அல்லாஹ்! எங்கள் முன்னோர் பிறந்த மண்ணையும் நாங்கள் வாழும் இந்த மண்ணையும் ஆபத்துகளிலிருந்து காத்தருள்வாயாக. இந்நாட்டு மக்கள் அனைவரையும் ஒற்றுமையோடும் ஆரோக்கியத்தோடும் வாழச் செய்வாயாக. எங்கள் தராசிலும் படியிலும் பரக்கத் செய்வாயாக. எங்கள் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்களின் ஹக்கை நிறைவேற்ற எங்களுக்கு வழி காட்டுவாயாக. ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!