சயாமுக்குப் போனவர்களுக்கு எது திதி?

சப்பான் ஆட்சிக் காலத்தில் மலாயாவின் சில ஊர்களில் இலவசமாகப் படம் காட்டுவதாக அறிவிப்பு வரும். பசியும் பயமுமாகக் கிடந்த சனங்கள் கொட்டகையை நிரப்புவார்கள். நிரம்பியதும் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வீடு கிடையாது, நேரே ரயில் பெட்டிதான். ஜப்பானிய ராணுவம் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடித்த வழிகளில் இதுவும் ஒன்று என்று அந்தப் பாதையின் வரலாற்றை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். படம் பார்க்கப் போனவன் தானே கதையாகிப்போன கொடுமை அது.

எண்பது வருடங்கள் கழித்து அந்தப் பாதை படமாக வீட்டுக்குள் வந்திருக்கிறது. ‘தி நேரோ ரோடு டு தி டீப் நார்த்’ என்ற ஐந்து பாகக் குறுந்தொடர் 2025 ஏப்ரலில் பிரைம் வீடியோவில் வெளியானது. பிறகு பிபிசியிலும் வந்தது. ரிச்சர்ட் ஃபிளானகன் எழுதி 2014இல் புக்கர் பரிசு பெற்ற நாவலே அதன் மூலம். இயக்கியவர் ஜஸ்டின் கர்சல். ஜேக்கப் எலோர்டி, கைதிகள் முகாமில் மருத்துவம் பார்க்கும் டோரிகோ எவன்ஸாக நடித்திருக்கிறார். விமர்சகர்கள் பாராட்டினார்கள். பாராட்டிய கையோடு, பல காட்சிகளைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை என்றும் எழுதினார்கள். எலும்பும் தோலுமான உடல்கள், சேறு, சீழ், அடி.

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங்கிலோ சிகாமட்டிலோ தோட்டத்து வேர் உள்ள ஒரு தமிழ்க் குடும்பம் இந்தத் தொடரின் முன் உட்கார்ந்தால், அடியைப் பார்த்துக் கண்ணை மூடுவதற்கு முன்பே வேறொன்று தொண்டையில் நிற்கும். எங்க ஆளுங்க எங்கே?

கதையின் நடுவில் ஆஸ்திரேலியக் கைதிகள் இருக்கிறார்கள். எதிரில் ஜப்பானிய அதிகாரியும் கொரியக் காவலனும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் மனசாட்சி, குழப்பம் எல்லாம் கொடுக்கப்பட்டிருக்கிறது. பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த கையோடு பிடித்துக்கொண்டு போகப்பட்டவனுக்குப் பெயரோடு ஒரு பாத்திரம் இல்லை.

இதை வெறும் இனப் பெருமைக் குறை என்று ஒதுக்கலாம். ஒதுக்கவும் செய்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்வியின் அடியில் இருப்பது பெருமையல்ல, செத்தவருக்குச் செய்ய வேண்டிய கடன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர். வேலை 1942இல் தொடங்கி 1943 அக்டோபர் 17ஆம் தேதி இரு முனையும் கூடின. நேச நாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தவர்கள் 12,000க்கு மேல். அதில் ஆஸ்திரேலியர்கள் 2,800 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் அதிகம். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல், பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள். இறந்த ஆசியர்கள் 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். கைதிகளின் எண்ணிக்கைக்குப் பின்னால் பெயர்ப் பட்டியல் நிற்கிறது. தொழிலாளர்களுடையது எப்போதும் ‘சுமார்’ என்ற சொல்லோடுதான் வருகிறது.

ஜொகூருக்கு இதில் தனி இடம் உண்டு. சிங்கப்பூர் சாங்கியிலிருந்து கைதிகளை அரிசி ஏற்றும் இரும்புப் பெட்டிகளில் அடைத்து அனுப்பிய ரயில்கள் ஜொகூர் பாரு, குளுவாங், சிகாமட், கெமாஸ் வழியாகத்தான் வடக்கே போயின. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத வேலை என்ற ஆசை வார்த்தையை நம்பிய தோட்டத்து ஆட்களும், பிறகு நம்பாமலே இழுத்துச் செல்லப்பட்டவர்களும் போனது அதே தண்டவாளத்தில். கெமாஸில் பிரிந்து கிளந்தானுக்குப் போகும் கிழக்குக் கரைப் பாதையின் ஒரு பகுதியைப் பெயர்த்து, அந்த இரும்பையும் சயாமுக்கே கொண்டுபோனார்கள். தண்டவாளம் போர் முடிந்த பின் மறுபடி போடப்பட்டுவிட்டது.

இனி அழுகையைப் பற்றி. மேடையில் நடக்கும் துயரத்தைப் பார்த்து மனிதர் ஏன் கண்ணீர் விடுகிறார்கள் என்பதைத் தமிழ் நிரம்பவும் யோசித்திருக்கிறது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையை வைத்து, அது பிறக்கும் இடம் நான்கு என்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழிவுபடுவது, இழப்பது, இருந்த நிலை குலைவது, இல்லாமை. சயாம் போனவனுக்கு இந்த நான்கில் எது குறைவு? எதுவுமில்லை. அழுகைக்கு வேண்டிய எல்லாம் இருந்தும் அழ ஆள் வராததற்குக் காரணம், மெய்ப்பாடு தோன்ற ஒரு மெய் வேண்டும் என்பதுதான். கண் முன்னால் ஓர் உடம்பு, ஒரு முகம். 90,000 என்ற எண்ணுக்கு முகம் கிடையாது.

கிறித்துவ மரபில் இதே இடத்தை வேறு பக்கத்திலிருந்து தொட்டவர் அகஸ்தீன். கார்த்தேஜ் நகரில் படித்த இளவயதில் நாடகம் பார்த்துப் பார்த்து அழுததை அவர் தம் வாக்குமூல நூலில் நினைத்துக் கூசுகிறார். நாடகம் பார்ப்பவனை யாரும் உதவிக்குக் கூப்பிடவில்லை, வருத்தப்பட மட்டும் கூப்பிடுகிறார்கள். இது என்ன இரக்கம் என்பது அவர் கேள்வி. கொஞ்சம் கறாரான கேள்விதான். ஆனாலும் சோபாவில் சாய்ந்து போர்த்தொடர் பார்க்கும் யாருக்கும் உறைக்கும்.

அகஸ்தீனுக்கு எதிர்சாட்சியாக ஒரு தொடர் உண்டு. 1978 ஏப்ரலில் அமெரிக்காவின் என்பிசி ‘ஹோலோகாஸ்ட்’ என்ற குறுந்தொடரை ஒளிபரப்பியது. அவுஷ்விட்சிலிருந்து உயிர் தப்பிய எழுத்தாளர் எலி வீசல், யூதப் பேரழிவை மலினப்படுத்திவிட்டார்கள் என்று கொதித்தார். 1979 ஜனவரியில் அது மேற்கு ஜெர்மனிக்குப் போனது. சுமார் 2 கோடிப் பேர் அதில் ஒரு பகுதியையாவது பார்த்தார்கள். தொலைபேசியில் அழைத்து அழுதவர்கள், திட்டியவர்கள், முப்பது வருடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு அன்றிரவு பேசியவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த ஆண்டு ஜூலையில், கொலைக் குற்றத்துக்கு இருந்த காலவரம்பை மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றம் நீக்கியது. ஒரு தொடரால் மட்டும் நடந்த காரியமல்ல, ஆண்டுக்கணக்கான விவாதம் அதன் பின்னால் இருந்தது. ஆனால் அந்தக் கண்ணீர் வெறுமனே தரையில் விழவில்லை. வீசல் சொன்னதும் சரி, அழுதவர்கள் அழுததும் சரி.

ஆன்மா அழிவதில்லை, உடம்புதானே போயிற்று, பெயரையும் புதைகுழியையும் பிடித்துக்கொண்டு எதற்கு மன்றாட வேண்டும் என்று கேட்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தைக் காட்டுவார்கள். அந்தப் பதில் யாருக்குச் சொல்லப்பட்டது? வில்லைக் கீழே போட்ட ஒரு மாவீரனை மறுபடி எழுப்பச் சொல்லப்பட்டது. வாந்திபேதியில் செத்து, எரிக்கவும் ஆளில்லாமல் குழியில் தள்ளப்பட்ட பால்மரம் வெட்டுக்காரனின் பேரப்பிள்ளைக்கு அதையே எடுத்து நீட்டுவது பொருந்தாது. அதைவிட மோசம், ‘அவங்க விதி’ என்று முடிப்பது. விதி பேசினால் ஆள் பிடித்த கங்காணியும் தப்பிப்பான், ராணுவமும் தப்பிக்கும்.

நம் சடங்குகள் தத்துவத்தைவிட இளகிய மனம் உள்ளவை. வள்ளுவர் இல்வாழ்வானின் கடமைகளைச் சொல்லும்போது தெய்வத்துக்கும் முன்னால் தென்புலத்தாரை நிறுத்துகிறார். உடம்பு கிடைக்காமல் போனவனுக்குத் தர்ப்பையால் உருவம் செய்து எரிக்கச் சாத்திரம் வழி சொல்கிறது. இறந்த நாள் தெரியாதவனுக்கு மாளய அமாவாசை இருக்கிறது. தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லி நீர் விட்ட பிறகு, தாயும் தகப்பனும் உற்றாரும் இல்லாத எல்லாருக்குமாக ஒரு கை நீர் விடுகிறார்கள். தோட்டத்து வழக்கமோ இன்னும் ஒரு படி மேல். துர்மரணம் அடைந்தவனை அது ஊருக்கு வெளியே அலைய விடுவதில்லை. கல் நட்டு, படையல் போட்டு, சாமியாக்கிக் காவலுக்கு வைத்துக்கொள்ளும். மலேசியத் தோட்டங்களில் மரத்தடி தோறும் இருக்கும் முனியாண்டியும் மதுரை வீரனும் அந்த வழக்கத்தின் பிள்ளைகள்.

இவ்வளவு வழி இருந்தும் சயாம் போனவர்களின் மனைவிமார் பலருக்கு ஒரு வழியும் திறக்கவில்லை. செத்துவிட்டான் என்று யாரும் வந்து சொல்லாதபோது தாலியை எப்படிக் கழற்றுவது? கழற்றாமல் எப்படி இருப்பது? இலையைப் போட்டால், உயிரோடு இருப்பவனுக்குப் படையல் போட்ட பாவம் வருமே.

கைதிகளின் பெயர்கள் எப்படிப் பிழைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களிடம் அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள். செத்தவன் பெயர், நாள், புதைத்த இடம் எல்லாவற்றையும் காவலர்களுக்குத் தெரியாமல் எழுதி ஒளித்துவைத்தார்கள். போர் முடிந்த உடனேயே, 1945 செப்டம்பர் 22 முதல் அக்டோபர் 10 வரை, 13 பேர் கொண்ட குழு ஒன்று பாதை முழுக்கப் போய் 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தது. கிடைக்காமல் போனவை 52 மட்டுமே. மூன்று வாரம்கூட ஆகவில்லை. தோட்டத்து ஆட்களின் முகாம்களில் பட்டியல் எழுத யாரும் இல்லை. காலரா வந்தபோது பிரித்துப் படுக்கவைக்கவும், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லவும்கூட ஆள் இல்லை. கைதிகளைவிட அவர்கள் அதிகம் செத்ததற்கும் பெயரில்லாமல் செத்ததற்கும் காரணம் ஒன்றே.

ஃபிளானகனைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவருடைய தந்தை அந்தப் பாதையில் 335ஆம் எண் கைதி. மகன் பன்னிரண்டு வருடம் எழுதி, நாவலை அந்த எண்ணுக்கே ஜப்பானிய உச்சரிப்பில் காணிக்கையாக்கினார். நாவல் முடிந்துவிட்டது என்று மகன் சொன்ன அன்றே தந்தை காலமானார், வயது 98. பிதிர்க்கடன் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. மாறாக, ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தின் மூல நாவலை எழுதிய பியர் பூல்லே போருக்கு முன் மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழ்த் தொழிலாளியைத் தினமும் கண்டவர். அந்தக் கதை 1957இல் இலங்கையின் கித்துள்கலையில் படமாகி ஏழு ஆஸ்கர் வாங்கியது. பாலம் கட்டும் அந்தக் கதையிலும் தோட்டத்துத் தமிழனுக்கு இடமில்லை.

நம் தரப்பிலும் எழுதியிருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, கோ. புண்ணியவானின் ‘கையறு’ மூன்றும் மலேசியத் தமிழ் நாவல்கள். மூன்றும் தொலைக்காட்சித் தொடராக வந்ததாகத் தெரியவில்லை. 2021இல் ‘தி ஃபேமிலி மேன்’ இணையத் தொடரின் இரண்டாம் பருவம் ஈழத் தமிழரைத் தவறாகக் காட்டுகிறது என்று தமிழகம் கொந்தளித்தது, அன்றைய மாநில அமைச்சர் மனோ தங்கராஜ் ஒன்றிய அரசுக்குத் தடை கோரிக் கடிதம் எழுதினார். தவறாகக் காட்டினால் எழுதக் கடிதம் உண்டு. காட்டாமலே விட்டால் எந்த முகவரிக்கு எழுதுவது?

காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 6,982 பேர் வரிசையாக உறங்குகிறார்கள், புல் வெட்டிய ஒழுங்கோடு. ஆசியத் தொழிலாளர் அதில் இல்லை. செத்த அனைவருக்குமாக ஒரு நினைவுச் சின்னத்தைப் பாலத்தருகே 1944இலேயே எழுப்பியது, வேடிக்கை பாருங்கள், ஜப்பானிய ராணுவம். அதே ஊரில் தமிழருக்கென்று ஒரு நடுகல் நாட்டப்பட்டது அண்மை ஆண்டுகளில்தான். நடுகல் என்றால் நம் பழைய வழக்கப்படி அதில் பெயர் இருக்க வேண்டும்.

அந்தப் பெயர்களில் சில இன்னும் ஜொகூரில், வயதானவர்கள் வாயில் இருக்கின்றன. சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்து வாசலில் நின்று அப்பாவையோ மாமனையோ லாரியில் அனுப்பிவைத்தவர்களுக்கு இன்று தொண்ணூறு வயது. நல்ல தொடர் ஒன்று வரட்டும், வந்தால் எல்லாரும் பார்க்கலாம். அதுவரை காத்திருக்க அவர்களால் ஆகாது. வரும் மாளய அமாவாசைக்குள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். பெயர், தகப்பன் பெயர், தோட்டம், ரயிலேறிய நிலையம்: இந்த நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.