கடைமடைக்கு வராத ஓய்வு

மேட்டூர் அணை திறக்கப்பட்டது என்ற செய்தி வந்தவுடன் காவிரிப் படுகையில் எல்லார் முகமும் ஒன்றுபோல் மலர்ந்துவிடுவதில்லை. கல்லணையை அடுத்துள்ள ஊர்க்காரர் அன்றிரவு நிம்மதியாக உறங்குவார். பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை உழவரோ, வாய்க்காலில் தண்ணீரைக் கண்ணால் கண்ட பிறகே நாற்றங்காலைப் பற்றி நினைப்பார். அணையில் தண்ணீர் இருப்பது வேறு, அது தம் வயலுக்கு வந்து சேர்வது வேறு என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர் அவர்.

வீட்டில் கிடைக்கும் ஓய்வும் இத்தகையதே என்று நாம் கருதுகிறோம். “ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஓய்வாக இருந்தோம்” என்று கணவன், மனைவி இருவர் சார்பிலும் ஒருவரே சொல்லிவிடுகிறார். அந்த ஓய்வு இருவருக்கும் வந்து சேர்ந்ததா என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை. தம்பதியர் பொழுதுபோக்கும் முறை ஓர் அற்பச் செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் அதனுள் நீதி பற்றிய கேள்வி ஒன்று மறைந்திருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் ஞாயிறு மாலைகளில் தூரதர்சன் தமிழ்த் திரைப்படம் ஒளிபரப்பிய நாள்களை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீட்டுக் கூடத்தில் பாதித் தெருவே வந்து அமர்ந்திருக்கும். படம் உருக்கமான கட்டத்தை எட்டும்போது அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும்: “இப்ப யாரு அழுவுறது?” கூடத்திலிருந்து யாராவது பதில் சொல்வார்கள். தாளிக்கும் ஓசையில் அதுவும் பாதிதான் கேட்டிருக்கும். நம் வீட்டிலும் அக்குரல் ஒலித்தது. பல ஆண்டுகள் கழிந்து அப்படங்களுள் ஒன்று மீண்டும் ஒளிபரப்பானபோது, அருகில் அமர்ந்திருந்த நம் துணைவியார் திடீரென்று கேட்டார்: “ஏங்க, இது ஆத்தங்கரையா? வீட்டுக்குள்ள நடக்குதுன்னுல்ல இத்தனை நாளா நெனச்சிக்கிட்டிருந்தேன்!” உரையாடல் முழுவதும் அவருக்கு மனப்பாடம். காட்சிதான் புதிது. நாம் பார்த்த படத்தை அவர் கேட்டிருக்கிறார். இருவரும் சேர்ந்து பார்த்த படம் என்றே அதுவரை நாம் எண்ணியிருந்தோம்.

அதன்பின் காலம் மாறிற்று. 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தால் வண்ணத் தொலைக்காட்சி குடிசைகளையும் எட்டியது. 2011 முதல் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. அம்மியும் ஆட்டுக்கல்லும் மூலையில் ஒதுங்கின. மிஞ்சிய நேரம் எங்கே போயிற்று? 2019-இல் இந்திய அரசு நாடெங்கும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் அவற்றிற்குச் செலவிடுகிறார். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடங்களே. பல வீடுகளில் ஆண்கள் அவற்றில் கைவைப்பதே இல்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இதைப் படிக்கும் ஆண்கள் சினம் கொள்ள வேண்டா. சேற்றிலும் வெயிலிலும் நின்றுவிட்டு வருபவர் தேநீர்க் கடைப் பலகையில் அரைமணி நேரம் அமர்வதைக் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதே வயலில் குனிந்து நடவு நட்ட பெண் வீடு திரும்பியதும் எங்கே அமர்கிறாள்? அடுப்பின் முன்பு. ஒருவருக்கு உழைப்பு முடியும் நேரம் மற்றவருக்கு அடுத்த உழைப்பு தொடங்கும் நேரமாக இருக்கிறது.

ஓய்வும் விளையாட்டும் ஆன்மிக வாழ்வுக்குப் பகையல்ல. புனித தோமா அக்குவினாசு தம் ‘இறையியல் சுருக்கம்’ நூலில் விளையாட்டைப் பற்றிப் பேசுமிடத்தில் பழைய நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். நற்செய்தியாளர் யோவான் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல்பட்டனர். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவரை யோவான் அம்பு எய்யச் சொன்னார். சில முறை எய்த பின், இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று வினவினார். வில் முறிந்துவிடும் என்றார் அவர். தளர்வே அறியாத மனமும் அவ்வாறே முறியும் என்று யோவான் விளக்கினாராம். நம் வீடுகளில் இரு விற்கள் உண்டு. ஒன்றின் நாணை மட்டும் மாலைதோறும் தளர்த்துகிறோம்.

விடுதலைப் பயண நூலின் 20-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளையை மீண்டும் வாசித்துப் பார்ப்போம். வீட்டுத் தலைவன் மட்டும் ஓய்ந்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. மகனுக்கும் மகளுக்கும், பணியாளுக்கும் பணிப்பெண்ணுக்கும், கால்நடைக்கும், ஊரில் தங்கியிருக்கும் அந்நியருக்கும் அது ஓய்வு தருகிறது. பிறர் உழைப்பின்மீது சாய்ந்துகொண்டு ஒருவர் மட்டும் இளைப்பாறுவது அக்கட்டளையின் நோக்கமன்று. நம் ஞாயிற்றுக்கிழமையை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் வெட்கம் வருகிறது. திருப்பலி முடிந்ததும் ஒருவர் கறிக்கடைக்குச் சென்று பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் செய்தித்தாளை விரிக்கிறார். மற்றவருக்கு வாரத்திலேயே மிகக் கடினமான சமையல் அன்றுதான். மாட்டுக்கும் உரிய ஓய்வு மனைவிக்கு இல்லை.

மார்த்தா, மரியா நிகழ்ச்சியை வாசிக்கும்போதெல்லாம் மார்த்தாவின் பரபரப்பைக் குறை கூறியே பழகிவிட்டோம். வீட்டில் உள்ளோர் சற்று நேரம் கைகொடுத்திருந்தால் இருவருமே ஆண்டவரின் காலடியில் அமர்ந்திருக்கலாமே என்று நாம் ஏன் எண்ணுவதில்லை?

வெளியே செல்லும் பொழுதுகளிலும் இதே நிலைதான். ஆடிப்பெருக்கன்று திருவையாற்றுப் படித்துறையில் புதுமணத் தம்பதியர் திருமண மாலைகளை ஆற்றில் விடுவதும், குடும்பங்கள் சித்திரான்னம் பகிர்ந்து உண்பதும் காண இனியவை. ஆனால் அந்தப் புளிச்சோற்றுக்கும் தேங்காய்ச்சோற்றுக்கும் விடியுமுன் எழுந்தவர் யார்? பூண்டி மாதா பேராலயத்திற்கும் வேளாங்கண்ணிக்கும் நாம் போகும்போது கட்டுச்சோறும் பிள்ளைகளின் மாற்றுத் துணியும் யார் தோளில் தொங்குகின்றன? 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். பயணச் செலவு குறைந்ததே அன்றி, புறப்படுவதற்கு முன் வீட்டில் முடிக்கவேண்டிய வேலை குறையவில்லை.

இனி வேறொரு காட்சி. பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்துக் கணவர் பலர் வளைகுடா நாடுகளில் இருக்கின்றனர். வெள்ளிக்கிழமை விடுமுறையில் அலைபேசியில் முகம் பார்த்து அவர்கள் மனைவியரோடு பேசுகின்றனர். சோறு பொங்கியதா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, தென்னை காய்த்ததா என்று அப்பேச்சு நீள்கிறது. ஒரே கூரையின்கீழ் வாழும் தம்பதியரோ ஆளுக்கோர் அலைபேசியைக் கையில் ஏந்தி, இரவு உறங்கும்வரை தனித்தனியே சிரித்துக்கொண்டிருக்கின்றனர். ஒரே இடத்தில் இருப்பதால் மட்டும் இருவரும் ஒன்றாக இருப்பதாகிவிடாது. எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. தனிமையும் ஓர் ஓய்வே. ஆனால் அத்தனிமையும் இருவருக்கும் வாய்க்கவேண்டும்.

படுகை மக்களாகிய நமக்கு இதன் தீர்வை வெளியிலிருந்து யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் முறைப்பாசனம் செய்கிறோம். காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என மாற்றி மாற்றித் தண்ணீர் விடப்படுகிறது. குறைவாக இருக்கும் பொருளை முறைவைத்துப் பகிர்வதே நேர்மை என்பது நமக்குத் தெரியும். ஓய்வு குறைவாக உள்ள வீட்டில் வேலையையும் ஓய்வையும் ஏன் முறைவைத்துப் பகிரக்கூடாது?

வாய்க்கால் வறண்டு கிடக்கும் கோடையே அதைத் தூர் வாருவதற்கு உரிய காலம். அப்போது மண்ணை அள்ளாவிட்டால், ஆனியில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் கடைமடைக்குச் செல்லாது. தம்பதியரின் ஓய்வு நேரமும் தூர் வாரும் காலம் போன்றதே. சொல்லாமல் விட்ட வருத்தங்களும், கேட்காமல் விட்ட கேள்விகளும் அப்போதுதான் அள்ளி வெளியே போடப்படுகின்றன. வள்ளுவர் தம் நூலின் இறுதியான 133-ஆம் அதிகாரத்தை ‘ஊடலுவகை’ என அமைத்தார். ஊடுவதற்கும் ஊடல் தீர்வதற்கும் பொழுது வேண்டுமன்றோ? மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2016-இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்ச்சி’ என்னும் மடலும், அன்பிற்கு நேரமும் இடமும் தேவை என்பதை வலியுறுத்துகிறது.

சென்ற கோடையில் ஒரு ஞாயிறன்று நாம் இதைச் செய்து பார்க்கத் துணிந்தோம். வெங்காயம் அரிந்தோம், அரிசி களைந்தோம். குழம்பில் உப்பு மிகுந்தது. உண்ட பின் பாத்திரங்களை இருவரும் சேர்ந்து கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். ஒரு மணி நேரம் என்ன பேசினோம் என்பது இப்போது நினைவில்லை. நடுவில் அவர் ஒருமுறைகூட எழுந்து உள்ளே போகவில்லை என்பது நினைவிருக்கிறது.

கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்கவேண்டிய கடமை தலைமடையில் இருப்பவருக்கு உண்டு. வரும் ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில், அடுப்பு மூட்டப்படும் முன்பே, நாம் ஒவ்வொருவரும் நம் துணைவரிடம் கேட்போம்: “இன்று உனக்கு ஓய்வு எப்போது?” விடை கூறத் தெரியாமல் அவர் நம்மை வியப்போடு பார்த்தால், தூர் வாரவேண்டிய இடம் எது என்பது நமக்குத் தெரிந்துவிடும்.