எண்ணுதலின் இரு பொருள்

'எண்ணுதல்' என்னும் சொல்லுக்குக் கணக்கிடுதல், சிந்தித்தல் என இரு பொருள்கள் உண்டு. ஓர் இடத்தின் உயிரினங்களைக் கணக்கிடுபவர்கள் அந்த உயிரினங்களைக் குறித்துச் சிந்திக்கவும் செய்கிறார்களா? இது அறநெறி சார்ந்த கேள்வி.

பசிபிக் பெருங்கடலிலுள்ள பிகினி பவளத்தீவில் 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 23 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. அதற்காக அத்தீவின் மக்கள் 167 பேர் முன்னதாகவே வெளியேற்றப்பட்டனர். முதல் குண்டு வெடிக்கும் முன்னரே அறிஞர்கள் அங்குள்ள மீன்களையும் பவளங்களையும் தாவரங்களையும் ஆராய்ந்து பதிவு செய்தனர். வெடிக்கலாமா என்று முடிவெடுப்பதற்காக அன்று. வெடித்த பின் நேர்ந்ததை ஒப்பிடுவதற்காக. முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது.

2002-இல் மீண்டும் ஆராய்ந்தபோது பவளங்கள் பெருமளவு தழைத்திருந்தன. எனினும் குறைந்தது 28 பவள இனங்கள் அங்கிருந்து மறைந்திருந்தன. மக்களோ நிலையாகத் திரும்பிக் குடியேற இயலவில்லை. 'இயற்கைதான் மீண்டுவிட்டதே' என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. புண் ஆறுவது உடலின் ஆற்றல். அதனால் வெட்டியவனின் செயல் நற்செயலாகிவிடாது.

நம் நாட்டில், பாலக்காடு மாவட்டத்தில், இத்தகைய கணக்கெடுப்பு வேறு விதமாகப் பயன்பட்டது. அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டும் மின் திட்டத்திற்கு 1973-இல் திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. மூழ்கவிருந்த காடு சுமார் 830 ஹெக்டேர். மலபார் மக்களின் மின்சாரத் தேவை பொய்யன்று. ஆயினும் அக்காட்டை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு, மரக்கிளைகளை விட்டு அரிதாகவே இறங்கும். வெடிபலா மரம் அதற்கு முக்கிய உணவளிக்கிறது. காடு துண்டிக்கப்பட்டால் அதன் வாழ்வும் துண்டிக்கப்படும். நெடிய விவாதத்திற்குப் பின், பேராசிரியர் எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழுவும் ஆராய்ந்தது. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இரு இடங்களிலும் செயலுக்கு முன்பே கணக்கு எடுக்கப்பட்டது. ஓரிடத்தில் விடை எதுவாயினும் செயல் நடந்தே தீரும். மற்றோரிடத்தில் விடைக்குச் செயலை நிறுத்தும் உரிமை இருந்தது. வேறுபாடு அறிவில் இல்லை, கேட்பவரின் மனத்தில் உள்ளது.

நிறுத்துவதற்கும் விலை உண்டு. கிடைக்கவிருந்த மின்சாரம் கிடைக்காமற்போனது. அவ்விழப்பையும் நேர்மையாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். பாலக்காட்டிலும் இடுக்கியிலும், ஏன், எந்த மலையிலும் நாளை ஒரு திட்டம் வரலாம். அப்போது, 'எத்தனை உயிர்கள் உள்ளன?' என்று கேட்கும் முன், 'விடையைக் கேட்டு நாம் மாறத் தயாரா?' என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். தயாரில்லாதவன் எடுக்கும் கணக்கு வெறும் பட்டியல். தயாராக இருப்பவன் எடுப்பதே சிந்தனை.