கையும் கருவியும்

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்பர் தமிழர். ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று நகையாடுவோரும் அவர்களே. இரு பழமொழிகளும் வழங்கும் தீர்ப்பு ஒன்றுதான்: வெற்றியும் தோல்வியும் ஆளைச் சேர்ந்தவை, கருவி ஒரு பொருட்டன்று. இத்தீர்ப்பு முற்றும் நேர்மையானதா? கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிட்டால், ஆடியவளுக்கு நீதி வழங்குவார் யார்?

இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்றதொரு களம், காற்றுக் கைத்துப்பாக்கி கொண்டு குறிசுடும் போட்டி. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் மலேசியாவில் இக்கருவிக்கும் உரிமம் வேண்டும். ஆதலின் கெப்பாலா பத்தாஸ் மாணவருள் பெரும்பாலோர் இதனைத் தொட்டும் பார்த்திரார். எனினும், 2010ஆம் ஆண்டு புதுடில்லிக் காமன்வெல்த் விளையாட்டுகளில் இப்பிரிவில் மகளிர் தங்கத்தை வென்றவர் மலேசியரான பிபியானா இங் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

குறிப்பலகை 10 மீட்டர் தொலைவில் நிற்கும். அதன் நடுவேயுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். ஒற்றைக் கையால், எதன்மீதும் சாயாது சுடவேண்டும். தொலைநோக்கி பொருத்தலாகாது, கருவியின் எடை 1,500 கிராமைத் தாண்டலாகாது, விசையை இழுக்க 500 கிராம் அழுத்தமேனும் வேண்டும். தரமான கருவியை ஒரு தாங்கியில் இறுக்கிச் சுட்டால், ஈயக்குண்டுகள் ஏறக்குறைய ஒரே துளையிற் பாயும். அதே கருவி மனிதன் கைக்கு வந்தவுடன் துளைகள் சிதறுகின்றன.

காரணம் எளிய வடிவியல். கருவியின் முன்னே ஒரு குறிமுள், பின்னே ஒரு பிளவு. இரண்டிற்கும் இடைவெளி சுமார் 35 சென்டிமீட்டர். கை முழுவதும் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் ஒரு மில்லிமீட்டரே விலகும். மணிக்கட்டு திரும்பி, முள் மட்டும் பிளவின் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் பிசகினால், பலகையில் அப்பிசகு 28 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிடும். பத்து ஏழாகிவிடும். ஆகவே, நல்ல கருவி எவரையும் வெல்ல வைப்பதில்லை. கையின் குற்றத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறது, அவ்வளவே. மழுங்கிய கத்தியால் ரப்பர் மரம் சீவுபவன், பட்டையிற் காயம் பட்டால், அது கையின் பிழையோ கத்தியின் பிழையோ என அறியவே முடியாது. மோசமான கருவி செய்யும் பெருந்தீங்கு இதுதான்: தோல்வியைத் தருவதோடு, தன் பிழையைத் தானே அறியும் வாய்ப்பையும் பறித்துவிடுகிறது.

2021ஆம் ஆண்டு சூலையில், தோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில், இந்தியாவின் மனு பாக்கருடைய கைத்துப்பாக்கி பாதியிற் பழுதுற்றது. அதனைச் சீர்செய்வதில் அரிய நிமிடங்கள் கழிந்தன. எஞ்சிய நேரத்தில் விரைந்து சுட்டு 575 புள்ளி பெற்றார். இரண்டே புள்ளியில் இறுதிச் சுற்று கைநழுவியது. அவ்விரண்டு புள்ளிகள் கருவியின் கணக்கிலா, பத்தொன்பது வயதுப் பெண்ணின் பதற்றக் கணக்கிலா? எவராலும் பிரித்தெழுத இயலாது. கூடம் கோணல் என்று அவர் சொல்லியிருந்தால், அது பொய்யாகாது.

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் எதிர்மாறான ஒரு பிழை நிகழ்ந்தது. துருக்கியின் யூசுப் டிகேச், 51 வயதினர், கண்மறைப்பும் சிறப்பு வில்லையும் இன்றி, வழக்கமான மூக்குக்கண்ணாடியோடு நின்று கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வென்றார். கருவியின்றி வென்றவர் என்று உலகம் கொண்டாடியது. அவர் கையிலிருந்ததோ போட்டிக்கென்றே வடிக்கப்பட்ட கைத்துப்பாக்கி! 2008 முதல் ஒலிம்பிக் களம் கண்டவர் அவர் என்பதையும் பலர் மறந்தனர். அதே பிரிவில் மனு பாக்கர், சரப்ஜோத் சிங்குடன் வெண்கலம் பெற்றார். தனியர் பிரிவிலும் அவருக்கு வெண்கலமே.

புல்லே ஆயுதம் என்னும் அறிவுரையைப் புல் மட்டுமே உள்ள மாணவனுக்கு வழங்குவோர் பெரும்பாலும் ஆயுதம் உடையோரே. ஆய்வுக்கூடமில்லாப் பள்ளியின் மாணவன் அறிவியலிற் பின்தங்கினால், அவனை மட்டும் குறை கூறுதல் அறமாகாது. அதேபொழுது, எல்லாம் இருந்தும் பேனாவைப் பழிப்பவனை விட்டுவிடுதலும் ஆசிரியர்க்கு அழகன்று. இரண்டையும் பிரித்தறியக் குறிசுடுவோர் ஒரு வழி வைத்துள்ளனர். குண்டின்றி, வெறும் வெள்ளைச் சுவரை நோக்கி நின்று, நாள்தோறும் பலமுறை விசையை மட்டும் அழுத்திப் பழகுகின்றனர். அங்கே வட்டமில்லை, புள்ளியில்லை. விசை அமுங்கும் நொடியில் குறிமுள் அசைகிறதா என்பது ஒன்றே அவர்கள் பார்ப்பது.