தெருவின் ஹக்கும் தெருவாரின் சொல்லும்

சிமெண்ட் ரோடு போடுவதும், சாக்கடை வெட்டுவதும், பூங்காவுக்கு வேலி அடைப்பதும் துன்யாக் காரியங்கள். மார்க்கப் பத்திரிகையில் இவற்றுக்கு என்ன வேலை என்று வாசகர்களில் சிலர் எண்ணக்கூடும். ஈமானுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டென்றும், பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது அவற்றில் ஒன்றென்றும் அருமை நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். கலிமாவோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்ட காரியத்தைத் துன்யாக் காரியம் என்று தள்ளிவிட நமக்கு என்ன அதிகாரம்?

முள்ளை எடுத்துப் போடுவது எளிது. அதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் வராது. தெருவை எப்படி மாற்றுவது, எங்கே சாக்கடை போகவேண்டும், எந்தச் சந்தை அடைக்கலாம் என்று கூடிப் பேசும்போதுதான் சிக்கல். அங்கே ஒரு முஸ்லிம் எழுந்து அபிப்பிராயம் சொல்கிறார் என்றால் அவர் யாருக்காகப் பேசவேண்டும்? தமக்காகவா, தம் தெருவுக்காகவா, அந்தத் தெருவில் நடந்து போகிற முகம் தெரியாத மனிதனுக்காகவா?

இந்தக் கேள்வி முன்பைவிட இப்போது நமக்கு அதிகம் தேவைப்படுகிறது. கிராமங்களில் கிராம சபை வெகுநாளாக உண்டு. நகரங்களில் அப்படி ஒன்று இல்லாமலே இருந்தது. 1992-இல் நிறைவேறி 1993-இல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகரங்களில் வார்டு கமிட்டிகளுக்கு இடம் வைத்தது. தமிழ்நாட்டில் 2022-இல்தான் அதற்கான விதிகள் வந்து, அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் கூடத் தொடங்கின. இவை ஒருபுறமிருக்க, இஷாவுக்குப் பிறகு மதரஸா ஹாலில் பாய் விரித்து நடக்கும் நம் முஹல்லாக் கூட்டங்கள் என்றைக்கும் உண்டு.

அங்கெல்லாம் நடப்பது என்ன? தெருவிளக்கு என் வாசலில் வேண்டும். குப்பைத் தொட்டி பக்கத்து வீட்டு வாசலில் இருக்கட்டும். வேகத்தடை பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேண்டியதுதான், ஆனால் என் மோட்டார் வண்டி ஏறும் சாய்தளத்தை இடிக்கக்கூடாது. இப்படித்தான் பெரும்பாலான வாய்கள் பேசுகின்றன. ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்பது ஹதீஸ். அபூதாவூதிலும் திர்மிதியிலும் வந்திருக்கிறது. மகளுக்கு வரன் பார்ப்பவர் நம்மிடம் வந்து விசாரித்தால் இந்த ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. வார்டு கவுன்சிலர் வந்து சாக்கடையைப் பற்றிக் கேட்டால் மட்டும் மறந்துபோகிறது. கேட்கப்பட்ட விஷயம் பத்து வீட்டைப் பாதிக்கும் என்றால் அமானிதமும் பத்து மடங்குதானே?

இதில் நம் ஃபிக்ஹுக் கிதாபுகளைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஹிஜ்ரி 676-இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கரையோர ஊர்களின் மதரஸாக்களில் அறியப்பட்ட கிதாபு. அதில் ஸுல்ஹு, அதாவது சமாதான உடன்படிக்கை பற்றிய பாடத்தில் தெருவைப் பற்றிய மஸ்அலாக்கள் வருகின்றன. தெருவில் அவர்கள் இரண்டு வகை காண்கிறார்கள். இருபுறமும் திறந்து, யாரும் நடந்து போகும் பொது வழி ஒன்று. ஒருபுறம் அடைபட்ட முட்டுச் சந்து மற்றொன்று.

பொது வழியில் நடப்பவர்களுக்கு இடைஞ்சலான எதையும் செய்யக்கூடாது. மாடியை வெளியே நீட்டுவதானால் அதன்கீழ் ஒருவர் குனியாமல் நிமிர்ந்து போகும் உயரம் வேண்டும். குதிரைகளும் ஒட்டகக் கூட்டங்களும் போகும் வழியானால், ஒட்டகத்தின் முதுகில் பல்லக்கும் அதன்மேல் கூரைக் கம்புகளும் இருந்தாலும் தட்டாமல் போகும் உயரம் வேண்டும். (இன்றைக்கு அந்த இடத்தில் தீயணைப்பு வண்டியையும் ஆம்புலன்ஸையும் வைத்துப் பார்த்துக் கொள்ளலாம்.) அந்த நீட்டலுக்காகப் பணம் கொடுத்து உடன்படிக்கை செய்து கொள்வதும் ஹராம். தெருவில் திண்ணை கட்டுவதும் கூடாது. இடைஞ்சல் இல்லையென்றால் ஆகும் என்று ஒரு சொல் உண்டென்றாலும் அதை அவர்கள் பலவீனமான சொல்லாகவே குறிப்பிடுகிறார்கள். விரிவுரை எழுதியவர்கள் அதற்குச் சொன்ன காரணம் என் மனதில் தைத்த ஒன்று: காலம் போகப் போக அந்தத் திண்ணை இருக்கும் இடம் வீட்டுக்காரரின் சொந்த இடம் போல் தோன்றிவிடும், அது தெருவாக இருந்த அடையாளமே அழிந்துவிடும். நம் ஊர்களில் படிக்கட்டாகத் தொடங்கி, ஸ்லாபாக வளர்ந்து, கிரில் கதவாக முடிந்தவை எத்தனை!

ஆகவே பொது வழியைப் பற்றித் தெருவார் அனைவரும் கூடி ஒரே குரலில் தீர்மானம் போட்டாலும், அந்தத் தீர்மானம் எட்டாத எல்லை ஒன்று இருக்கிறது. நடந்து போகிறவன் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டான். அவனுடைய ஹக்கை அவன் இல்லாத இடத்தில் நாம் விட்டுக்கொடுக்க முடியாது. வழியின் அகலத்தில் தகராறு ஏற்பட்டபோது ஏழு முழம் விடவேண்டுமென்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக புகாரியில் வருகிறது. ஏறக்குறைய பத்தரை அடி. ஹிஜ்ரி 17-இல் கூஃபா நகரம் அமைக்கப்பட்டபோது பெரிய வீதிகளுக்கு நாற்பது முழமும், சந்துகளுக்கு ஏழு முழமும் வைத்ததாக வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். அந்த ஏழு முழம் இன்று நம் தெருக்களில் எத்தனை இடத்தில் மிஞ்சியிருக்கிறது என்பதை அளந்து பார்க்க டேப் ஒன்றே போதும்.

முட்டுச் சந்தின் சட்டம் வேறு. அது அங்கே வசிப்பவர்களுக்குப் பொதுவான இடம். அவர்களில் ஒருவர் மாடியை நீட்ட விரும்பினாலும் மற்ற அனைவரின் சம்மதமும் வேண்டும். சந்தின் ஆட்கள் யார் என்பதற்கும் கிதாபு விடை சொல்கிறது: எவருடைய வீட்டு வாசல் அந்தச் சந்தில் திறக்கிறதோ அவர். சுவர் மட்டும் சந்தை ஒட்டியிருந்தால் போதாது. ஒவ்வொருவரின் பங்கும் எதுவரை என்று கேட்டால், சந்தின் தலைப்பிலிருந்து அவரவர் வாசல் வரை என்பதே ஏற்றமான சொல்.

இதைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். சந்தின் முகப்பில் பெரிய வீடு கட்டியிருப்பவருக்குப் பங்கு அவர் வாசலோடு முடிந்துவிடுகிறது. கடைசியில் ஓட்டு வீட்டில் இருப்பவருக்கோ சந்து முழுவதிலும் பங்கு இருக்கிறது. ஏனென்றால் அவர் முழுச் சந்தையும் நடந்துதான் வீடு சேரவேண்டும். நம் கூட்டங்களில் முகப்பு வீட்டுக்காரர் நாற்காலியில் அமர்ந்து பேசுகிறார். கடைசி வீட்டுக்காரர் செருப்பு விடும் இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கிதாபு வைத்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம்.

வாடகைக்கு இருப்பவர் பேசலாமா என்ற தகராறும் இங்கே எழும். அவர் இன்று இருப்பார், நாளை போவார் என்பார்கள். இரண்டு அண்டை வீட்டாரில் யாருக்கு அன்பளிப்புக் கொடுப்பது என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் கேட்டபோது, வாசல் நெருங்கியிருப்பவருக்கு என்றே பதில் கிடைத்தது. பத்திரம் யார் பெயரில் என்ற விசாரணை அதில் இல்லை. சாக்கடை பொங்கினால் நாற்றம் வாடகைக்காரரின் மூக்கில் ஏறாமல் போகிறதா?

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீடுகளுக்கிடையே பெண்கள் போக்குவரத்துக்கென்று குறுகலான முடுக்குகள் உண்டு. உம்மாவும் கண்ணும்மாவும் வீட்டுக்கு வீடு போய்வந்த வழிகள் அவை. இப்போது அப்படிப்பட்ட முடுக்கை அடைத்துவிடலாமா, அகலப்படுத்தி மோட்டார் சைக்கிள் விடலாமா என்று ஓர் ஊரில் பேச்சு வந்தால், அதை முடிவு செய்ய உட்காருகிறவர்கள் எல்லோரும் ஆண்களாகவே இருப்பார்கள். ஆயுளில் அந்த முடுக்கில் பத்துத் தடவை நடந்திராதவர்கள்! ஹுதைபிய்யாவில் ஸஹாபாக்கள் மனம் தளர்ந்து எழாமல் இருந்த நேரத்தில், உம்மு ஸலமா (ரலி) அவர்களின் யோசனையைக் கேட்டு நாயகம் (ஸல்) அவர்கள் அப்படியே செய்தார்கள்; காரியம் சீராயிற்று. கூட்டத்துக்குப் பெண்கள் வருவது வழக்கமில்லையென்றால் கூட்டத்துக்கு முன்பாக வீட்டில் கேட்டுவிட்டு வரலாம். பெண்களே கூடிப் பேசி எழுதிக் கொடுக்கலாம். பகுதி சபையில் அவர்கள் நேரில் வந்து பேசுவதற்குச் சட்டத்தில் தடையும் இல்லை.

கேட்கவேண்டிய கடமை அதிகாரம் உள்ளவர்களுக்கும் உண்டு. அப்பாஸ் (ரலி) அவர்கள் வீட்டுக் கூரையின் பீலி உமர் (ரலி) அவர்கள் நடந்து போகும் வழியில் இருந்தது. ஒரு ஜும்ஆ நாள் கோழி அறுத்த இரத்தம் கலந்த தண்ணீர் அதிலிருந்து அவர்கள் உடைமேல் விழுந்தது. பீலியைப் பிடுங்கச் சொல்லிவிட்டார்கள். பொது வழிக்கு இடைஞ்சல் என்ற வகையில் அது நியாயமான உத்தரவுதான். பிறகு அப்பாஸ் (ரலி) அவர்கள் வந்து, அந்தப் பீலியை அங்கே வைத்தவர்கள் நாயகம் (ஸல்) அவர்களே என்றார்கள். உடனே கலீஃபா அவர்கள் தம் முதுகில் ஏறி நின்று அதைத் திரும்ப வைக்கும்படி அப்பாஸ் (ரலி) அவர்களை வற்புறுத்தினார்கள். முஸ்னது அஹ்மதில் உள்ள இந்தச் செய்தியைப் பணிவுக்கு உதாரணமாகவே வாயிஸ்கள் சொல்வார்கள். பிடுங்குவதற்கு முன் கேட்டிருந்தால் முதுகு தேவைப்பட்டிருக்காது என்பதையும் அதில் பார்க்கிறேன்.

கேட்காமல் செய்வதால் வரும் கேட்டுக்கு நம் தெருக்களின் உயரமே சாட்சி. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தாரைக் கொட்டிக் கொட்டி, ரோடு வீட்டுத் தரையைவிட மேலே போய்விட்டது. மழை பெய்தால் தண்ணீர் வாசற்படி இறங்கி முற்றத்துக்கு வருகிறது. வசதியுள்ளவர் வீட்டைத் தூக்கிக் கட்டுகிறார். இல்லாதவர் வாளியால் இறைக்கிறார். அதோடு, கழிவுக் குழாயை மழைநீர் வடிகாலில் கள்ளத்தனமாகச் சேர்த்துவிடுகிறவர்களும் நம்மில் உண்டு. கப்பலின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் பயணம் செய்தவர்களைப் பற்றிய ஹதீஸை அறியாதவர் இல்லை. கீழே இருந்தவர்கள் துளை போட நினைத்தது கெட்ட எண்ணத்தால் அன்று; தண்ணீருக்காக மேலே போய் மற்றவர்களுக்குத் தொல்லை தரவேண்டாமே என்றுதான். அவர்களுக்குத் தண்ணீர் கிடைக்க ஒரு வழி செய்து கொடுத்திருந்தால் துளையின் பேச்சே வந்திராது. கழிவுக் குழாயைத் திருட்டுத்தனமாகச் சேர்த்தவரைத் திட்டுமுன், அந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

பூங்கா விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியாக விடவேண்டுமென்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. அப்படி விட்ட இடம் யாருக்கு? பொது மேய்ச்சல் நிலத்துக்குக் காவலராக ஹுனை என்பவரை நியமித்த உமர் (ரலி) அவர்கள், சில ஆடுகளும் சில ஒட்டகங்களும் மட்டுமே உள்ளவனை உள்ளே விடவும், இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளைத் தடுத்து வைக்கவும் கட்டளையிட்டார்கள். இருவரும் சொர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்றவர்கள். ஆனாலும் அவர்கள் மந்தை அழிந்தால் அவர்களுக்குத் தோட்டமும் விளைநிலமும் உண்டு, ஏழைக்கு அந்த ஆடுகளை விட்டால் வேறில்லை. சொந்தத் தோட்டம் உள்ளவர்கள் காலையில் நடப்பதற்காகப் பூங்காவைப் பூட்டி வைத்து, சந்துப் பிள்ளைகளைப் பந்தோடு விரட்டுவதற்கு இந்த ஆதாரத்தில் இடமில்லை.

இனி கசப்பான பகுதி. தெருவாரின் சொல் எப்போதும் நல்ல சொல்லாக இருப்பதில்லை. குடிசை மாற்று வீடுகள் இங்கே வேண்டாம், தள்ளுவண்டிக்காரர் இங்கே நிற்கவேண்டாம், இன்ன ஆட்களுக்கு வீடு கொடுக்கவேண்டாம் என்றும் தெருக்கள் ஏகமனதாகத் தீர்மானிக்கின்றன. வாடகைக்கு வீடு தேடிப் போய், பெயரைக் கேட்டதும் கதவு சாத்தப்பட்ட அனுபவம் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு உண்டு. அந்தத் தெருவாரும் கூடிப் பேசித்தான் முடிவெடுத்திருப்பார்கள். நம் முஹல்லாவில் வேறொருவருக்கு அதே கதவைச் சாத்தும்போது ஷூரா என்ற புனிதமான பெயரை அதற்குச் சூட்டக்கூடாது. தெருவில் வியாபாரம் செய்வோருக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம் நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் அந்த வியாபாரிகளே இருக்கவேண்டுமென்கிறது. யாரை அகற்றுவதாகப் பேச்சோ அவரையும் உட்காரவைத்துப் பேசு என்பது அதன் பொருள். நம் கூட்டங்களுக்கும் அது ஒத்துவரும்.

குடியிருப்போரின் விருப்பத்தை நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்காத சந்தர்ப்பமும் உண்டு. பனூ ஸலிமா கூட்டத்தார் தூரத்திலிருந்த தம் வீடுகளை விட்டுப் பள்ளிக்கு அருகில் குடியேற விரும்பினார்கள். நல்ல நிய்யத்துதான். ஆனால் மதீனாவின் ஓரம் ஆளில்லாமல் வெறுமையாகிவிடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. அவர்கள் நடந்துவரும் ஒவ்வொரு அடிக்கும் நன்மை உண்டென்று சொல்லி அங்கேயே இருக்கச் செய்தார்கள். ஒரு தெருவாரின் நல்ல ஆசைகூட முழு ஊரின் நலத்தோடு வைத்துப் பார்க்கப்பட்டது.

நம் பள்ளிவாசலைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜும்ஆ நேரத்தில் தெருவின் இருபுறமும் மோட்டார் சைக்கிள்கள் நின்று, பிரசவத்துக்குப் போகும் ஆட்டோ நுழைய முடியாமல் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றிப் பயான் நடக்கிறது. பாங்கு சொன்னதும் நான்கு வாலிபர்கள் வாசலில் நின்று ஒரு பக்கம் மட்டும் வண்டிகளை வரிசையாக நிறுத்தச் சொன்னால் இது தீர்ந்துவிடும். செலவு எதுவும் இல்லை. அடுத்த பகுதி சபையில் தெருவின் அகலத்தைப் பற்றி நாம் பேச எழுந்தால், எதிர்வீட்டு ஐயா முதலில் கேட்கப்போவது இந்த வண்டிகளைப் பற்றித்தான்.