கேட்டலும் கேண்மையும்

துன்பத்தில் வீழ்ந்தோர்க்கு உதவுதல் அறம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின், உதவி என்றவுடன் நம் உள்ளத்தில் எழும் காட்சிகள் யாவை? ஆற்றில் பாய்ந்து குழந்தையை மீட்கும் இளைஞனை எண்ணுகிறோம்; சாலையில் அடிபட்டுக் கிடப்பவரின் தலையைத் தாங்கிப் பிடிக்கும் வழிப்போக்கரை எண்ணுகிறோம். இவ்வுதவிகளில் கண் காண்கிறது, கை நீள்கிறது. உதவியவர் முகத்தை உதவி பெற்றவர் அறிகிறார். கண்ணுக்கும் கைக்கும் வேலையின்றி, செவியும் சொல்லுமே கருவியாக உதவி செய்வோரும் உலகில் உளர். 112 என்னும் எண்ணை நாம் அழுத்தும்போது மறுமுனையில் பேசுகின்றவர் அத்தகையவர்.

அவரைப் பற்றி நம்மிடையே ஒரு குறை வழங்கி வருகிறது. “வீட்டில் ஓர் உயிர் ஊசலாடுகிறது, அவரோ முகவரி கேட்கிறார், வயது கேட்கிறார், மூச்சு இருக்கிறதா என்று கேட்கிறார், கேள்விமேல் கேள்வியாக அடுக்குகிறாரே தவிர ஓர் ஆறுதல் சொல் இல்லை” என்பதே அக்குறை. பதறி அழுபவரிடம் பதறாமல் வினா தொடுப்பவர் அன்புடையவர் ஆவாரா? அன்றி, அவர் செய்வது ஊதியத்திற்குரிய அலுவல் மட்டுந்தானா? இவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

இப்பணி தோன்றிய வரலாற்றை முதலில் காண்போம். 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டன் மாநகரின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி, ஐந்து பெண்கள் மாண்டனர். தீயைக் கண்ட அண்டை வீட்டார் உடனே தொலைபேசியை எடுத்தார். இணைப்பகத்திலோ அவருடைய அழைப்பு ஏனைய அழைப்புகளோடு வரிசையில் காத்துக் கிடந்தது. மனம் நொந்த அவர் ‘டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. 1937 ஜூன் 30 அன்று 999 என்னும் அவசர எண் அந்நகரில் நடைமுறைக்கு வந்தது. அவ்வெண்ணிற்கு அழைப்பு வந்தால் இணைப்பகத்தில் சிவப்பு விளக்கு எரியும், ஒலிப்பான் முழங்கும்.

இந்நிகழ்ச்சியில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. அண்டை வீட்டார் இரக்கமுடையவர். ஆதலின் விரைந்து அழைத்தார். இணைப்பகத்தில் இருந்தோரும் இரக்கமற்றோர் என்று கூறுதற்கு இல்லை. ஆயினும் ஆபத்தில் எழுந்த குரலை ஏனைய குரல்களினின்றும் பிரித்துக் கேட்க ஒரு முறை இல்லை. நல்ல நெஞ்சம் இருந்தும் முறை இல்லாவிடில் உதவி வாசலை எட்டாது என்பதை அத்தீ உலகிற்கு உணர்த்திற்று.

நம் நாட்டிலும் காவலர்க்கு 100, தீயணைப்போர்க்கு 101, ஆம்புலன்சுக்கு 102 எனத் தனித்தனி எண்கள் நெடுங்காலம் வழங்கின. 2005இல் ஆந்திர மாநிலத்தில் 108 சேவை தொடங்கிற்று. 2008இல் தமிழ்நாட்டிற்கும் வந்தது. 2012 டிசம்பரில் தில்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை நாட்டின் மனச்சான்றை உலுக்கியது. அதன்பின் ஏற்படுத்தப்பட்ட நிர்பயா நிதியின் துணையோடு, எல்லா ஆபத்துகளுக்கும் ஒரே எண் என்னும் வகையில் 112 அமைந்தது. 2018 நவம்பரில் இமாச்சலப் பிரதேசம் முதன்முதலாக அதனை ஏற்றது. இவ்வரலாற்றிலும் ஒரு துயரத்தின் பின்னரே கேட்கும் செவி ஒன்று உண்டாகியிருக்கிறது.

இனி, அப்பணியின் தன்மையை நோக்குவோம். அழைப்பை ஏற்றவர் முதலில் அறிய விழைவது, “எங்கே?” என்பது. ‘என்ன நேர்ந்தது’ என்பதைவிட ‘எங்கே’ என்பது ஏன் முந்துகிறது? தொடர்பு எந்நொடியும் அறுந்து போகலாம். இடம் தெரிந்திருப்பின், என்ன நேர்ந்தது என்று அறியாமலேயே வண்டியை அனுப்பிவிடலாம்; நேர்ந்ததை எல்லாம் அறிந்தும் இடம் தெரியாவிடில் எவரையும் எங்கும் அனுப்ப இயலாது. மேலும், பெரிய கட்டுப்பாட்டு அறைகளில் கேட்பவர் ஒருவர், வண்டியை அனுப்புபவர் மற்றொருவர். கேட்பவர் குறிக்கும் செய்தி கணினியின் வழியே அனுப்புபவரைச் சென்றடைகிறது. ஆகவே, அடுத்தடுத்த வினாக்கள் நம்மிடம் கேட்கப்படும்போதே வண்டி புறப்பட்டிருக்கக்கூடும். வினாக்கள் உதவியைத் தடுக்கின்றன என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவை வருகின்ற உதவிக்கு வழிகாட்டுகின்றன.

நெஞ்சு நின்று ஒருவர் சாய்ந்துவிட்டார் எனக் கொள்வோம். மூளைக்கு உயிர்க்காற்று செல்வது நின்றபின் நான்கைந்து நிமிடங்களிலேயே மீளாக் கேடு தொடங்கிவிடும். எவ்வளவு விரைந்த வண்டியும் பெருநகர நெரிசலைக் கடந்து அதற்குள் வருதல் அரிது. எனவே அமெரிக்காவில் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் மாவட்டத்தில் 1980களில் ஒரு முறை கையாளப்பட்டது; பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவிற்று. தொலைபேசியில் பேசுபவர் இரண்டே வினாக்கள் கேட்கிறார்: “அவர் உணர்வோடு இருக்கிறாரா? இயல்பாக மூச்சு விடுகிறாரா?” இரண்டிற்கும் ‘இல்லை’ என்று விடை வரின், அழைத்தவருடைய கைகளையே அவர் கருவியாக்குகிறார். மார்பின் நடுவே உள்ளங்கையை ஊன்றச் சொல்லி, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துமாறு, வண்டி வரும்வரை தாமும் உடனிருந்து உரக்க எண்ணுகிறார். ‘ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு’ என்னும் அவ்வெண்ணிக்கையில் இனிய சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் அவ்வேளையில் அதனினும் சிறந்த ஆறுதல் மொழி வேறு எது?

குழந்தையின் காலில் தைத்த முள்ளை எடுக்கும் தாயை நாம் கண்டிருக்கிறோம். குழந்தை அலறுகிறது, தாய் அலறுவதில்லை. அவள் கை நடுங்கினால் முள் ஒடிந்து உள்ளே தங்கிவிடும். அவ்வேளையில் அவளை அன்பற்றவள் என்று யாரும் கூறுவதில்லை. நடுக்கத்தை அடக்கிக் கையை நிலைநிறுத்துவதற்கு அவளுக்கு வலிமை தருவதே அன்புதான். அழைப்பைக் கேட்பவரின் அமைதியும் அத்தகையதே.

தமிழ் மொழியே இவ்வுண்மைக்குச் சான்று கூறுகிறது. ‘கேள்’ என்னும் சொல்லுக்குச் செவிகொடு என்பதும் பொருள். வினாவு என்பதும் பொருள். அதுவே பெயர்ச்சொல்லாக நின்று உறவையும் நட்பையும் குறிக்கும். கேளிர், கேண்மை என்னும் சொற்களை நாம் அறிவோம். வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் ‘கேள்வி’ என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அங்கே அவர் கருதியது சான்றோர்பால் கேட்டு அறிவு பெறுதலை. நாம் இங்குக் கருதுவது துன்புற்றோர் குரலைக் கேட்டலை. முன்னதனால் கேட்பவர் பயன் பெறுகிறார். பின்னதனால் பேசுபவர் பயன் பெறுகிறார். செவிகொடுத்து, வினாவி, அச்சில நிமிடங்களுக்கு உறவாகவும் நிற்பவர், ‘கேள்’ என்னும் சொல்லின் மூன்று பொருளையும் ஒருங்கே நிறைவேற்றுகிறார்.

இப்பணியில் எழும் அறச்சிக்கல்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம்மில் பலர் அரசு அலுவலகங்களில் பணியாற்றுவோர். முன் வந்த மனுவை முன்னும், பின் வந்ததைப் பின்னும் எடுப்பதே நமக்கு நீதி. அவ்வரிசையை மாற்றுவோரைச் சலுகை காட்டுவோர் என்கிறோம். கட்டுப்பாட்டு அறையிலோ, வந்த வரிசையைப் பற்றி நிற்பதே அநீதி ஆகிவிடக்கூடும். கை முறிந்தவர் முன்னே அழைத்தார். மூச்சுத் திணறுபவர் பின்னே அழைத்தார். அண்மையில் இருப்பது ஒரே வண்டி. அதனைப் பின்னவர்க்கு அனுப்புதலே முறை. கை முறிந்தவர்க்கு வலி பொய்யன்று. அவருடைய காத்திருப்பும் கொடியதே. இருவர் துன்பத்தையும் உணர்ந்து கொண்டே ஒருவரைக் காத்திருக்கச் செய்தல் எத்துணைக் கடினம்! வரிசையை மாற்றும் உரிமை பெற்றவர், அம்மாற்றத்தின் சுமையையும் தாமே தாங்குகிறார்.

அன்றியும், உரத்த குரல் பெருந்துன்பத்திற்கு அடையாளம் ஆகாது. சிறு காயத்திற்குப் பெருங்குரல் எடுப்போர் உண்டு. தம்மை அடிப்பவர் அருகிலேயே நிற்பதால் ஒரு சொல்லும் பேச இயலாத பெண்ணும் உண்டு. பிரித்தானியாவில், பேச முடியாதவர் கைப்பேசியில் 55 என்று அழுத்தித் தம் நிலையை உணர்த்த வழி செய்துள்ளனர். நம் நாட்டில், 2017 முதல் விற்கப்படும் கைப்பேசிகளில் ஆபத்து விசை இருத்தல் வேண்டும் என்று அரசு விதித்தது. பேச்சைக் கேட்டல் யார்க்கும் எளிது; மௌனத்தைக் கேட்டலுக்கே பயிற்சி வேண்டும்.

விளையாட்டுக்காக அழைப்போரால் வரும் துன்பம் மற்றொன்று. பொய்யழைப்புகள் பலவற்றைக் கேட்ட செவியில் ஐயம் குடிபுகுதல் இயல்பு. ஆயினும் அடுத்த குரலை அவர் மெய்யென்றே ஏற்கக் கடமைப்பட்டுள்ளார். பொய்யாய் அழைத்தவர் ஏமாற்றுவது கேட்பவரை மட்டும் அன்று. அந்நேரத்தில் எங்கோ ஒரு வீட்டில், இணைப்புக் கிடைக்காமல் தவிக்கும் முகமறியா ஒருவருடைய நிமிடங்களை அவர் களவாடுகிறார். நம் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துரைப்பது பெற்றோரின் பொறுப்பாகும்.

யாவற்றினும் பெரிய சுமை, முடிவு அறியாமை. வண்டி வந்து சேர்ந்ததும் பேச்சு அறுகிறது. அடுத்த அழைப்பு வந்துவிடுகிறது. அழுத்திய மார்பு மீண்டும் துடித்ததா, குழந்தை பிழைத்ததா என்பது பெரும்பாலும் அவர்க்குத் தெரிவதில்லை. பயன் கருதாது பணி செய்க என்று நம் நாட்டு நூல்கள் போதிக்கின்றன. இவர் நிலையோ அதனினும் அரியது எனலாம். இவர் பயனைக் கருதாதவர் அல்லர். அவ்வுயிர் பிழைக்க வேண்டும் என்று முழு மனத்தோடும் விரும்புகிறார். விரும்பிய பயன் விளைந்ததா என்று அறியாமலே அடுத்த உயிரிடம் அதே விருப்பத்தோடு செல்கிறார். இவ்வாறு கேட்டவை மனத்தில் தங்கிப் பின்னாளில் வருத்துவதுண்டு என்பதை ஆய்வாளரும் எடுத்துக்காட்டியுள்ளனர். நம்மால் செய்யத்தக்கது ஒன்றே: ஆபத்து நீங்கியபின், வண்டியோடு வந்தவர்க்கு நன்றி கூறும்போது, முதலில் கேட்டவரையும் நினைத்தல்.

ஊரைவிட்டு வந்து தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்வெண்ணம் மிக நெருங்கியது. நம்முடைய உறவு பெரும்பாலும் செவிவழி உறவே. ஞாயிறுதோறும் அம்மாவின் குரலைக் கேட்கிறோம். இருமலைக் கேட்டு உடல்நிலையை உய்த்துணர்கிறோம். திருநெல்வேலியில் தந்தை மயங்கி விழுந்தார் என்று செய்தி வந்ததும், தில்லியிலிருக்கும் மகன் பதறி 112ஐ அழுத்தினால், அவ்வழைப்பு தில்லியின் கட்டுப்பாட்டு அறைக்கே செல்லும். அழைப்பவர் நிற்கும் இடத்தைக் கொண்டே அவ்வெண் இயங்குகிறது. அத்தருணத்தில் தந்தைக்கு அண்மையில் உள்ள உறவு, எதிர்வீட்டாரே. அவ்வெதிர்வீட்டார் இருவருடைய எண்கள் நம்மிடம் உள்ளனவா? ஊருக்குச் செல்லும்போது அவர்களிடம் நின்று நான்கு வார்த்தை பேசுகிறோமா?

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். அச்சம் மிகும்போது கற்ற மொழி கைவிட்டுத் தாய்மொழியே வாயில் எழும். இந்நகரத்தில் அழைப்பைக் கேட்பவர் தமிழ் அறியாதவராக இருத்தல் கூடும். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து, பகலெல்லாம் வீட்டில் தனித்திருக்கும் நம் தாய்மார்களை எண்ணுவோம். வீட்டு எண், தெரு, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி ஆகியவற்றை, இந்தியோ மராத்தியோ வங்காளமோ, அவ்வூர் மொழியில் சொல்ல அவர்களுக்குப் பழக்குவோம். அவ்வொலிகளைத் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதித் தொலைபேசியின் அருகே ஒட்டுவோம். ‘எங்கே?’ என்னும் முதல் வினாவிற்கு விடை ஆயத்தமாக இருப்பின், கேட்பவரின் பணியில் பாதியை நாமே செய்தவர் ஆவோம்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இப்போது விடை கூறலாம். பதறாமல் கேட்பவர் அன்பற்றவர் அல்லர்; அன்பைப் பதற்றமாகச் செலவிடாமல் பயனாக மாற்றுபவர். அவர் பெறுவது ஊதியமே. ஆயினும் முகமறியா ஒருவர் பொருட்டுத் தம் நடுக்கத்தை அடக்கிக் கொள்ளும் அந்நொடிக்கு விலை மதிக்க இயலாது. நம் வீட்டாரிடமும் அண்டை அயலாரிடமும், அவர்கள் துன்பம் சொல்ல வரும்போது, இடைமறிக்காமல் சிறிது நேரம் அவ்வாறு கேட்க நாமும் பழகுவோமாக.