பச்சைத் தண்ணீர்

மகளுக்கு இரத்தக் கறையைத் துவைக்கச் சொல்லிக்கொடுத்த அன்று அம்மாவின் வாக்கியம்தான் என் வாயில் வந்தது: “பச்சத் தண்ணில அலசு. வெந்நி பட்டா பிடிச்சுக்கும்.” சூட்டில் இரத்தத்தின் புரதம் உறைந்து நூலோடு ஒட்டிக்கொள்கிறது என்ற காரணம் அம்மாவுக்குத் தெரியாது. விதி தெரியும். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவந்துபோகும், பயப்படாமல் அலசி வெயிலில் போட்டால் வெளிறிவிடும் என்பதும் தெரியும். வாழைக்கறையோடு மல்லுக்கு நிற்கக் கூடாது என்பதும். காரம், சூடு, வெளிச்சம் என்று ஆய்வகத்தில் செய்தால் வேதியியல். கிணற்றடியில் செய்தால் பொம்பளை வேலை.

இப்படி எழுதி நிறுத்திக்கொள்ள எனக்கு வசதியாகத்தான் இருக்கும். மகள் விடவில்லை. “பாட்டிக்கு யாரும்மா சொல்லிக்குடுத்தா?”

அம்மாவிடம் போனில் கேட்டேன். “எங்க வீட்டுல அந்தத் துணிய நாங்க எங்கடி தொவச்சோம்? வண்ணாத்தி வந்து எடுத்துட்டுப் போவா. மாத்துத் துணியும் அவதான் கொண்டாருவா. கல்யாணமாகி டவுனுக்குப் போறேன், அங்க யாரு தொவைப்பான்னு கேட்டப்ப, அவதான் சொன்னா, பச்சத் தண்ணின்னு.” அம்மாவைவிட நாற்பது வயதாவது மூத்தவராம். கூலி, அறுவடையில் நெல். அந்தியில் வீடுவீடாகச் சோறு.

ஆக, நான் அம்மாவின் சொத்தென்று நினைத்து மகளுக்குக் கொடுத்தது அவருடையது.

இருபத்தாறு வயதில் தீட்டைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். இரத்தம் அசுத்தமல்ல என்று அறிவிக்கும் கவிதை. வாசித்த இடங்களிலெல்லாம் கைதட்டல். அதில் ஒரு துணி வெயிலில் காய்கிறது. அதைத் துவைத்த கை எதுவும் கவிதையில் இல்லை. இத்தனைக்கும் தமிழ் படித்தவள். புறநானூற்றின் 311ஆம் பாட்டில் ஔவையார் ஒரு புலைத்தியைக் காட்டுகிறார்: களர் நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் துணி வெளுக்கிறவள். வகுப்பில் ‘புலைத்தி - வண்ணாத்தி’ என்று பொருள் எழுதிப்போட்டுவிட்டு, அந்த வெள்ளாடையை உடுத்திய வீரனின் பெருமைக்குப் போய்விடுவேன். அந்தச் சொல்லின் உறவுகள் பிற்காலத்தில் வசையானது எப்படி என்று எந்த மாணவியும் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை.

என் அம்மாச்சி மாதம் மூன்று நாள் திண்ணை ஓரத்தில் தனித் தட்டோடு இருந்தவர். அந்த ஒதுக்கலை நான் கோபத்தோடு எழுதியிருக்கிறேன், அந்தக் கோபம் இன்றும் சரிதான். ஆனால் நான்காம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குள் வந்துவிடுவார். அதே கறையைத் தொட்டவருக்கு நான்காம் நாள் கிடையாது. அவர் எந்தக் குளியலுக்குப் பிறகும் கொல்லைப்புறத்தோடு நின்றவர். தீட்டு எல்லாப் பெண்ணுக்கும் பொது என்று நாம் மேடையில் பேசும்போது எந்தப் பெண்ணைச் சொல்கிறோம்?

இப்போது எங்கள் வீட்டுக்குத் துணி துவைக்க ஓர் அக்கா வருகிறார். கறைபட்டதை அவர் வருவதற்குள் நானே அலசிப் போட்டுவிடுவேன். இன்னொருத்தியின் கையில் இதைத் திணிக்கக் கூடாது என்பது என் கொள்கை. ஒருநாள் வாளியும் கையுமாக என்னைப் பார்த்துவிட்டார். “என்ன டீச்சர், எனக்கு வராததா? போடுங்க இதோட.” எனக்கு முகம் சுட்டது. கொள்கைக்கு முகம் சுடுமா? இத்தனை வருடமும் அவருக்கு மரியாதை கொடுத்தேனா, என் கூச்சத்தை ஒளித்தேனா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“இல்லக்கா, முடிஞ்சிருச்சு,” என்றேன். அவர் எட்டிப் பார்த்தார். “எங்க முடிஞ்சுது? ஓரத்துல நிக்குதே. கொஞ்சம் உப்புப் போட்டு ஊற வைங்க.”

உப்பெடுக்க உள்ளே போனேன்.